நரியின் காலடிக்கு வந்த பந்து

நெல்லிவனத்து விலங்குக் கல்லூரியின் கால்பந்து அணி மூன்று கோடையாக ஒரு கோல்கூடப் போடவில்லை. கோல் காப்பதில் குறையே இல்லை. பத்துப் பந்து வந்தால் ஒன்பதைக் கரடி பிடித்துவிடும். ஆனால் எதிராளி பக்கம் போய் ஒரு பந்தை உள்ளே தள்ளத்தான் துப்பில்லை.

அந்தப் பொறுப்பு நரியிடம் இருந்தது. முன்வரிசைக்குத் தலைவனும் அதுதான், பயிற்சி கொடுப்பதும் அதுதான். மானுக்கும் முயலுக்கும் அது சொல்லித்தந்த பாடம் ஒன்றே ஒன்று. "பந்து கிடைச்சா எனக்குக் கொடு!"

தோல்வி சும்மா போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் கோடையில் வற்றாத குளம் ஒன்றுதான். ஆண்டுப் போட்டியில் ஜெயிக்கும் காடுதான் அதில் முதலில் தண்ணீர் குடிக்கும். ஆட்டம் சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே குளம். மூன்று கோடையாகப் பன்றிக்காடுதான் ஜெயித்தது. பன்றிகள் குடித்து, குளித்து, புரண்டு எழுந்த பிறகு மிஞ்சுவதைத் தண்ணீர் என்று சொல்லவே மனசு வராது. போன கோடையில் நரியின் இரண்டு குட்டிகளும் அதைக் குடித்துவிட்டு ஒரு வாரம் சுருண்டு கிடந்தன.

இந்த வருஷம் கல்லூரி முதல்வர் யானை எல்லோரையும் கூப்பிட்டார்.

"பெரிய ஆற்றில் பந்தாட்டமே பிழைப்பாக இருக்கும் நீர்நாய் ஒன்றை வரவழைத்திருக்கிறேன். இனி முன்வரிசை ஆட்டம் முழுக்க அதன் பொறுப்பு!"

"அப்போ நான்?" என்றது நரி.

"நீயும் ஆடு. அது சொல்கிறபடி ஆடு!"

நரியின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் நீர்நாய் வந்து சேர்ந்தது. குட்டைக் கால், ஈர மீசை, ஆடி ஆடி ஒரு நடை. நரிக்குச் சிரிப்பு வந்தது. 'இதுவா எனக்குச் சொல்லித்தரப் போகிறது!' ஆனால் நீர்நாய் மல்லாந்து படுத்து, பந்தை நான்கு காலாலும் உருட்டி விளையாடிக் காட்டியபோது மானும் முயலும் வாயைப் பிளந்தன. நரியின் சிரிப்பு அதோடு போயிற்று.

நீர்நாய் பாடத்தை ஆரம்பித்தது. "மீன் பிடிக்கும்போது நாங்க எல்லாரும் மீனைத் துரத்தமாட்டோம். ஒருத்தன் ஒரு பக்கமாப் போய்ச் சலசலப்புக் காட்டுவான். மீன் மறுபக்கம் ஓடும். அங்கே இன்னொருத்தன் காத்திருப்பான்! நரியண்ணே, பன்றிகளுக்கு உங்களைத்தான் தெரியும். நீங்க இடப்பக்கம் ஓடினா அத்தனை பேரும் உங்க பின்னாடி வருவாங்க. முயல் வலப்பக்கம் தனியா நின்னு கோல் போடும்!"

"எனக்குப் பந்து வராதா?"

"வராது. ஆனா நீங்க ஓடலேன்னா கோலே கிடையாது!"

முதல் வார்த்தைதான் நரியின் காதில் விழுந்தது. அதற்குப் பின் சொன்னதை அது கேட்கவே இல்லை.

நீர்நாய் முயலிடம் திரும்பியது. "உனக்கு ஒண்ணே ஒண்ணு. யார் பக்கத்துல எதிராளி இல்லையோ, அவங்களுக்குத்தான் பந்து. மறந்துடாதே!"

ஒரே மாதத்தில் முயலின் ஆட்டம் பளிச்சென்று திருந்திவிட்டது. காடு முழுக்க நீர்நாயின் பேச்சுதான். நரி வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கூத்து. குட்டிகள் இரண்டும் குறுக்கும் நெடுக்கும் ஆடி ஆடி நடந்தன.

"அப்பா, நாங்க நீர்நாய் மாமா மாதிரி நடக்கறோம், பாருங்கப்பா!"

நரிக்கு வயிறு பற்றி எரிந்தது. 'மூன்று வருஷம் உழைத்தவன் நான். நேற்று வந்தவனுக்கு மாமா பட்டமா?'

போட்டிக்கு முதல் நாள் நரி பன்றிக்காட்டு எல்லைக்குப் போய், அவர்கள் தலைவனைப் பார்த்தது.

"நாளைக்கு என்னைத் துரத்தாதீங்க. எனக்குப் பந்தே வராது. முயலைச் சுற்றி நில்லுங்க!"

"ஏன்யா இதைச் சொல்றே? தோக்கப்போறது உங்க காடுதானே?"

"காடு கிடக்கட்டும். அந்த நீர்நாய் தோக்கணும்!"

போட்டி நாள் வந்தது. வேப்பமரத்தின் நிழல் மைதானக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று கணக்கு. நரி சொன்னபடியே ஐந்து பன்றிகள் முயலைச் சூழ்ந்துகொண்டன. கோல் காக்கும் பன்றிகூட அந்தப் பக்கமே நகர்ந்து நின்றது. ஆனால் கரடி ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. இரு பக்கமும் கோல் இல்லை. நிழல் கோட்டை நெருங்கிவிட்டது.

கடைசியில் முயலிடம் பந்து வந்தது. சுற்றிலும் பன்றிகள். நிமிர்ந்து பார்த்தது. இடப்பக்கம் நரி தன்னந்தனியாக நின்றது. நீர்நாய் சொன்னது முயலுக்கு ஞாபகம் வந்தது. ஒரே உதை! பந்து உருண்டு வந்து நரியின் காலடியில் நின்றது.

எதிரே கோல் வாசல் காலியாகக் கிடந்தது.

"தட்டுங்கண்ணே!" என்று முயல் கத்தியது.

மூன்று வருஷமாக நரி கேட்ட பந்து அது. ஒரு தட்டு போதும். ஆனால் தட்டினால்? 'நீர்நாய் வந்தது, கோலும் வந்தது' என்றல்லவா காடே பேசும்! நரி ஓரக்கண்ணால் மைதான ஓரத்தைப் பார்த்தது. நீர்நாய் துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. அது தன் பெயரைச் சொல்லிக் குதிக்கவில்லை.

"நரியண்ணே! இது உங்க கோல்! உங்க கோல்!"

நரி திகைத்துப்போய்க் காலைத் தூக்கியது. அதற்குள் நிழல் கோட்டைத் தொட்டுவிட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

பன்றிகள் குதித்துக் கும்மாளம் போட்டன. பன்றித் தலைவன் எல்லோர் முன்னாலும் நரியின் முதுகில் தட்டியது. "நேத்து சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேய்யா!"

யானையும் கரடியும் முயலும் திரும்பிப் பார்த்தன. நரி தலையைக் குனிந்துகொண்டது.

நீர்நாய் மட்டும் பக்கத்தில் வந்தது. "நான் ஊருக்குக் கிளம்பறேன், நரியண்ணே. எங்க ஆத்துல எனக்குத் தண்ணிக்குக் குறைவே இல்லை. நீங்க ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

கோடை பிறந்தது. குளக்கரையில் நரி தன் குட்டிகளோடு காத்து நின்றது. உள்ளே பன்றிகள் புரண்டுகொண்டிருந்தன.

"அப்பா, தாகமா இருக்கு. நம்ம முறை எப்போ வரும்?" என்று சின்னக் குட்டி கேட்டது.

அடுத்தவர் பெயர் வாங்கிவிடக் கூடாது என்று பொறாமைப்படுகிறவர், தம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைத்தான் சேறாக்குகிறார்.