வராத வண்டிக்குக் குடை பிடித்த கதை

வடக்கு அரைக்குளத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதனால் ஊரில் யாரும் அவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை.

மூத்தவர் வேலாண்டி. அவருடைய தம்பி கொம்பையா. இவர்களுக்கு அத்தை மகன் இசக்கிராசு. வேலாண்டி யோசிப்பார், இசக்கிராசு சந்தேகம் கேட்பான், கொம்பையா தலையாட்டுவான். வேலையை அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள்.

கொம்பையாவின் பெண்டாட்டி மாரிக்கனி, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து முள்ளிப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போனாள். இவர்களுடைய பழைய டீசல் வேனில்தான் கொண்டு போய் விட்டார்கள். வேன் விட்ட புகைக்கு வழியெல்லாம் வாந்தி. இறங்கினதும் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "இனிமே இந்தப் புகை வண்டியில நான் ஏற மாட்டேன். புகையில்லாத வண்டி கொண்டாங்க, பிள்ளையோட வாரேன்."

மாமனார், மாமியார், பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது சொல்லிவிட்டாள். கொம்பையாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இனி இந்த வாசல்ல நான் கால் வச்சா, கரண்டுல ஓடுற கார்ல இருந்து இறங்கித்தான் வைப்பேன். அதுலதான் உன்னையும் பிள்ளையையும் இங்க இருந்து கூட்டிட்டுப் போவேன். இது சத்தியம்" என்றான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக டீசல் வேனை விற்றார்கள். இரண்டாவது வேலையாக, கரண்டுக் கார் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

டவுனில் ஒரு ஷோரூம் இருந்தது. அங்கே மெர்லின் என்று ஒரு பெண். அவள் இவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, உள்ளதைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அரசாங்க மானியம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிச்சாலும் நீட்டிப்பாங்க, விட்டாலும் விட்டுருவாங்க. வண்டி கைக்கு வர அடுத்த மாசம் ஆயிரும், அதனால இப்பவே ஆர்டர் போட்டா மானியம் கிடைக்காம போகலாம். நீட்டிக்கிறாங்களான்னு பொறுத்துப் பாத்துப் போட்டா மானியம் கிடைக்கலாம். ஆனா அதுக்குள்ள ஃபேக்டரியில இந்த மாடல் செய்யறதையே நிறுத்திட்டா வண்டி கிடைக்காம போகலாம். வெளிய போய் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க."

மூன்று பேரும் வெளியே போய், செருப்பு கழற்றும் இடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இப்ப வாங்கினா வண்டி உண்டு, மானியம் இல்ல. அப்புறம் வாங்கினா மானியம் உண்டு, வண்டி இல்ல. சரிதானா?" என்றார் வேலாண்டி.

"சரிதான் மச்சான்" என்றான் இசக்கிராசு.

"அப்ப பாதி வண்டியை இப்ப வாங்குவோம். மீதிப் பாதியை மானியம் வந்த பெறகு வாங்குவோம்."

கொம்பையா தலையாட்டினான். இசக்கிராசுக்கு ஒரு சந்தேகம். "எந்தப் பாதி மச்சான்? முன்பாதியா, பின்பாதியா?"

"தாயும் பிள்ளையும் உக்காருறது பின்னாடிதானல. பின்பாதியை வாங்குவோம்."

"ஓட்டுறவனுக்கு இடம் முன்னாடில்லா இருக்கு? நான் எங்க உக்காந்து ஓட்ட?"

வேலாண்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "முன்பாதி வர்ற வரைக்கும் நீ கூடவே நடந்து வா" என்றார்.

மெர்லின் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. நல்ல பொறுமையான பெண். "பாதியா பிரிச்சுத் தரமாட்டாங்க அண்ணாச்சி. பேரை மட்டும் பதிஞ்சு வைங்க. மானியமும் வண்டியும் ஒண்ணா அமையுற நாள்ல நானே போன் பண்றேன்" என்று சொல்லி, கொம்பையாவை கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தாள். வெளிச்சம் பளிச்சென்று அடித்ததில் கொம்பையாவின் இடது கண் மூடிக்கொண்டது. போட்டோ அப்படியே விழுந்துவிட்டது.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார் வேலாண்டி. "ரெண்டு போட்டோ எடுத்தா ரெண்டு ஆளுன்னு நெனச்சு மானியத்தை ரெண்டாப் பிரிச்சுருவாங்க."

புறப்படும்போது மெர்லின் சொல்லி அனுப்பினாள். "வண்டி எடுக்க வர்ற அன்னைக்குப் போட்டோவும் ஆளும் ஒண்ணுபோல இருக்கணும், இல்லன்னா மெஷின் ஏத்துக்காது. போனை ஆன்லயே வச்சிருங்க. நான் கூப்பிடும்போது லைன் பிஸியா இருக்கக் கூடாது. வீட்டுல வண்டிக்குன்னு ஒரு இடம் ஒதுக்கி வைங்க. அந்த இடத்துல வெயில் அடிக்காம பாத்துக்கோங்க, பேட்டரிக்கு ஆகாது."

இவ்வளவுதான் அவள் சொன்னது. வேறு ஒரு தப்பும் அவள் செய்யவில்லை.

அன்றிலிருந்து கொம்பையா இடது கண்ணைத் திறக்கவில்லை. சாப்பிடும்போதும் மூடியிருந்தான், தேங்காய் உரிக்கும்போதும் மூடியிருந்தான். மத்தியானம் கொஞ்சம் அசந்து தூங்கினால் வேலாண்டி வந்து தட்டி எழுப்பினார். "ஏலே, ரெண்டு கண்ணையும் மூடிட்டுக் கிடக்கியே! போட்டோவுல ஒரு கண்ணுதானல மூடியிருக்கு?"

வீட்டு முன்னால் வண்டிக்கு இடம் ஒதுக்கினார்கள். ஷோரூம் நோட்டீசில் இருந்த நீள அகலத்தை அளந்து சுண்ணாம்பால் கட்டம் போட்டார்கள். இசக்கிராசு ஒரு தடவை அடிபம்புக்குப் போக அந்தக் கட்டத்துக்குள் நடந்து போனான். வேலாண்டி கூப்பிட்டார்.

"வண்டி நின்னா இப்படிக் குறுக்க போவியா?"

"போக முடியாதே மச்சான்."

"அப்ப சுத்திப் போ."

பிறகு எல்லாரும் சுற்றித்தான் போனார்கள். பால்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து கட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால், "தள்ளி விடுங்கண்ணே, கீறல் விழும்" என்றார்கள். வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காகக் கட்டத்துக்கு மேலே ஒரு பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு, முறை வைத்து நின்றார்கள். வெயிலில் நின்றவனுக்குத் தலை சுற்றும். குடைக்குள் வந்து நிற்கலாமே என்று பால்காரர் கேட்டதற்கு, "வண்டி மேல எப்படி நிக்க?" என்று இசக்கிராசு திருப்பிக் கேட்டான்.

போன்தான் பெரிய பொறுப்பு. அதை வேலாண்டி கையிலேயே வைத்திருந்தார். யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். எடுத்தால் லைன் பிஸியாகிவிடும். மாரிக்கனி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பெண் பிள்ளை பிறந்திருக்கிற சேதியை முள்ளிப்பட்டி பஸ் கண்டக்டர்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் போனில் மெர்லின் பேரே வந்தது. வேலாண்டி சட்டென்று கட் பண்ணினார்.

"மச்சான், மெர்லின்தானே கூப்பிட்டா?" என்றான் இசக்கிராசு.

"ஆமா. இப்ப அவ கூடப் பேசிட்டு இருக்கும்போது மெர்லின் கூப்பிட்டா என்னல பண்ணுவோம்?"

அது நியாயமாகத்தான் பட்டது. கொம்பையா தலையாட்டினான்.

மாசம் ஒரு தடவை ஷோரூமுக்குப் போய் நேரில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாசம் மானியம் நின்றுவிட்டது, வண்டி இருந்தது. அடுத்த மாசம் மானியம் வந்துவிட்டது, ஏதோ ஒரு சாமான் வராததால் ஃபேக்டரியில் வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்து இரண்டும் ஒன்றாக அமைந்தது, நாலு நாள் மட்டும். "அந்த நாலு நாளும் கூப்பிட்டேனே, ஏன் போனை எடுக்கல?" என்று மெர்லின் கேட்டாள்.

"லைனை ஃப்ரீயா வச்சிருந்தோம்மா" என்றார் வேலாண்டி பெருமையாக.

இதற்குள் கொம்பையாவுக்குப் பிள்ளையைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் கால் வைக்கக் கூடாது என்றுதானே சத்தியம், பஸ்ஸை விட்டு இறங்காமல் பார்க்கலாம் என்று வேலாண்டி வழி சொன்னார். மாமியார் வீட்டுக்கு எதிரேதான் பஸ் நிற்கும். மூன்று தடவை டிக்கெட் எடுத்துப் போனான். மூன்று தடவையும் மாரிக்கனி பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, "இறங்கி வாங்களேன்!" என்று கத்தினாள். அதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

"பிள்ளை எப்படி இருக்கு?" என்று இசக்கிராசு கேட்டான்.

"துண்டு நல்லா இருக்கு" என்றான் கொம்பையா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, திறந்திருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிள்ளைக்கு ஐந்து மாசம் முடிந்தது. மாரிக்கனி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பஸ் ஏறி அரைக்குளத்துக்கே வந்துவிட்டாள். நல்ல வெயில். வீட்டு முன்னால் நிழல் என்று இருந்தது அந்தக் குடை ஒன்றுதான். அதற்குக் கீழே போய் நின்றாள்.

"வண்டி மேல நிக்காத தங்கச்சி!" என்று குடை பிடித்திருந்த இசக்கிராசு அலறினான்.

"எந்த வண்டி அண்ணே?"

கொம்பையா ஒரு கண்ணால் பிள்ளையைப் பார்த்தபடி நின்றான்.

"கண்ணுக்கு என்னாச்சுங்க?" என்றாள் மாரிக்கனி.

"மானியம்" என்றான் கொம்பையா.

பிள்ளை அவனையே உற்றுப் பார்த்தது. பார்த்துவிட்டு அதுவும் இடது கண்ணை மூடிக்கொண்டது.

"அப்பனையே உரிச்சு வச்சிருக்கு" என்றார் வேலாண்டி. பிறகு ஞாபகம் வந்து, "புகை வண்டியில ஏற மாட்டேன்னியே தாயி, பஸ்ல எப்படி வந்த?" என்று கேட்டார்.

"வாந்தி வந்தது இவளாலதான் அத்தான். இவ வெளிய வந்துதான் அஞ்சு மாசம் ஆச்சே."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வேலாண்டி கட் பண்ணப் போனார். மாரிக்கனி சும்மா இருந்த கையால் அதைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். மெர்லின்தான். யாரோ ஒருத்தர் வேண்டாம் என்று விட்டுப் போன வண்டி ஒன்று தயாராக நிற்கிறது, மானியம் இன்று சாயங்காலத்தோடு சரி, உடனே வாருங்கள் என்றாள். "இந்தா வாரோம்" என்று மாரிக்கனி போனை வைத்தாள்.

"லைனை பிஸியாக்கிட்டியே!" என்று வேலாண்டி தலையில் கை வைத்தார். அவள் டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். இசக்கிராசு குடையை ஒரு முக்காலியில் கட்டி, கட்டத்துக்கு மேல் நிழல் விழுகிற மாதிரி வைத்துவிட்டுக் கடைசியாக ஏறினான்.

ஷோரூமில் மெஷின் கொம்பையாவின் முகத்தைப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டது. "இனிமே கண்ணைத் தொறக்கலாம் அண்ணாச்சி" என்றாள் மெர்லின். கொம்பையா இடது கண்ணை மெதுவாகத் திறந்து, பிள்ளையைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"என்னல?" என்றார் வேலாண்டி.

"ஒரு கண்ணால பாத்தப்பவும் ஒரு பிள்ளைதான் இருந்துச்சு. ரெண்டு கண்ணால பாத்தாலும் ஒண்ணுதாண்ணே தெரியுது."

"இருக்கது போதும்" என்று மாரிக்கனி பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறப் போனாள். வேலாண்டி கதவை மறித்தார்.

"இரு தாயி. இந்த வண்டி உன்னை உங்கம்மா வீட்டுல இருந்து கூட்டிட்டு வர வாங்கினது. நீ இங்க நிக்க. அப்ப வண்டி யாரைக் கூட்டிட்டு வரும்?"

"அம்மா வீட்டுக்கு இதுலயே கொண்டு போங்க. திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"கொண்டு விடுறதுக்கு வாங்கலயே. கூட்டிட்டு வர்றதுக்குல்லா வாங்கினோம். சத்தியம் என்னாகும்?"

மாரிக்கனி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முள்ளிப்பட்டி பஸ்ஸில் ஏறினாள். பின்னாலேயே புது வண்டி, பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு, யாரும் உட்காராத பின்சீட்டோடு போனது. பின்சீட்டு தாய்க்கும் பிள்ளைக்கும் என்பதால் வேலாண்டியும் கொம்பையாவும் முன்சீட்டில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

முள்ளிப்பட்டியில் கொம்பையா வண்டியிலிருந்து இறங்கி, மாமியார் வாசலில் கால் வைத்தான். மாரிக்கனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அம்மா வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்து வண்டியில் ஏறினாள். சத்தியம் நிறைவேறியது. "எதுக்குடி வந்த, எதுக்குடி போற?" என்று கேட்டபடி அம்மா தெரு முனை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே வந்தாள்.

வெயில் தாழ்வதற்குள் அரைக்குளம் வந்துவிட்டார்கள். வீட்டு முன்னால் வந்ததும் இசக்கிராசு தெருவிலேயே நிறுத்திவிட்டான்.

"இடத்துல கொண்டு விடு" என்றான் கொம்பையா.

இசக்கிராசு எட்டிப் பார்த்தான். சுண்ணாம்புக் கட்டமும் முக்காலியில் கட்டிய குடையும் அப்படியே இருந்தன. "எப்படி விட? அங்கதான் வண்டி நிக்குதே."

வேலாண்டி இறங்கிப் போய், கட்டத்தை ஒட்டியே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமா, நெருக்கி விட்டா ரெண்டுக்கும் கீறல் விழும். இது தெருவுலயே நிக்கட்டும்" என்றார்.

மாரிக்கனி பிள்ளையோடு இறங்கினாள். கட்டத்தையும் பார்க்கவில்லை, குடையையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டத்துக்கு நடுவில் நடந்து, அந்தப் பக்கம் வாசப்படி ஏறி, வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"கவனிச்சியால?" என்றார் வேலாண்டி மெதுவாக. "இந்தக் கதவு வழியா ஏறி அந்தக் கதவு வழியா இறங்கிப் போறா. கதவு தொறந்த சத்தமாவது கேட்டுச்சா? கரண்டு வண்டின்னா கரண்டு வண்டிதான்."

கொம்பையா இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டினான்.