வேண்டாம் என்று சொல்லாதவர்

“ஒரு நாளாவது போதும்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

கேட்டவர் சடையப்பன். மடத்துச் சமையல்காரர். அறுபத்தோரு வயது.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் அவருடைய குரு தவமணியம்மா. அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்து ஒன்பது நாளாகியிருந்தது. அன்று காலையில்தான் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து மடத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

அம்மா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடையப்பன் மடத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம். அதற்கு முன் கல்யாண வீடுகளில் சமைத்தவர். மனைவி இறந்த பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அப்போது அம்மா ஒல்லியாக இருப்பார். மலையடிவாரத்தில் ஏழு வீடுகளில் கை நீட்டுவார். வீட்டுக்கு ஒரு கைப்பிடி. களி கிடைக்கும், கூழ் கிடைக்கும். சில நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மலையேறி மேலூருக்குப் போவார். அங்குள்ளவர்களோடு பேசிவிட்டு வெயில் தாழ இறங்கி வருவார்.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. போடுகிற கையைத் தடுக்கக் கூடாது. விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது.

“நான் இருக்கும்போது நீங்க வீடு வீடாப் போகக் கூடாதும்மா” என்றார் சடையப்பன், வந்த முதல் வாரமே.

மறுநாள் நெய்ப் பொங்கல் வைத்தார். அம்மா சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் சடையப்பன் ஒரு கரண்டி கூடப் போட்டார். அதையும் அம்மா சாப்பிட்டார்.

சடையப்பனுக்கு அந்த விரதம் மிகவும் பிடித்துப்போயிற்று.

நான்காம் வருடம் அம்மா மேலூருக்குப் போவது நின்றது. நாலு எட்டு ஏறினால் மூச்சு வாங்கியது.

ஆறாம் வருடம் மேலூரில் பேச்சியம்மாள் என்ற பெண் பிள்ளை பெற்றுச் சாகக் கிடந்தாள். அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் அங்கே முடிந்துவிட்டது.

திரும்பி வந்த அம்மா யாரோடும் பேசவில்லை.

மனசு சோர்ந்திருக்கிறது என்று சடையப்பன் பால் பாயசம் வைத்துக்கொடுத்தார்.

அம்மா அதையும் குடித்தார்.

போன மாதம் உள்ளங்காலில் முள் ஏறியது. ஏறியதே அம்மாவுக்குத் தெரியவில்லை. புண் வாடை வந்த பிறகுதான் சடையப்பன் காலைத் திருப்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், “தினமும் என்ன சாப்பிடுவாங்க?”

சடையப்பன் முன்னால் வந்து நின்று சொன்னார். காலையில் பொங்கல், கேசரி. பதினோரு மணிக்குப் பானகம். மதியம் பருப்பு, நெய், அப்பளம், பாயசம். சாயங்காலம் அப்பமோ அதிரசமோ. சாயங்காலத்துக்கு அடுத்தடுத்த நாள் ஒரே பலகாரம் வராது. அவர் குரலில் பெருமை இருந்தது.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“இதெல்லாம் யார் செஞ்சது?”

“நான்தாங்க.”

“எத்தனை வருசமா?”

“பன்னெண்டு.”

டாக்டரம்மா திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்.

“இவங்களுக்குச் சர்க்கரை வியாதி, பெரியவரே. உடம்பு எதுக்கும் பழகும். இவங்க உடம்பு இதுக்குப் பழகிருச்சு. இனி கொறச்சாலும் அது பழசைத்தான் கேக்கும். கேட்டா கொடுத்துறாதீங்க.”

அதற்குப் பிறகு சடையப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். மடத்துக்கு வந்ததும் நெய்த் தூக்கையும் வெல்லப் பானையையும் எடுத்துப்போய்க் கீழ்த்தெருவில் கொடுத்துவிட்டு வந்தார். வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அம்மா காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான் போயிடுறேம்மா” என்றார் சடையப்பன். “உங்க காலைத் தின்னது நான்தான். இனி இந்த அடுப்பை நான் தொடக் கூடாது.”

“போங்க” என்றார் அம்மா. “நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க.”

எழப்போன சடையப்பன் மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க வந்த ரெண்டாம் வருசம் உங்க மச்சான் வீட்டுக் காரியத்துக்கு மூணு நாள் ஊருக்குப் போனீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“கீழ்வீட்டுப் பொண்ணு கேப்பைக் கூழ் கொண்டாந்து வச்சுட்டுப் போச்சு. பதினஞ்சு வருசம் நான் குடிச்ச கூழ். ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. நாக்கு உங்க பொங்கலைத் தேடுச்சு.”

“அம்மா…”

“வெளியில மரத்தடியில முப்பது பேர் உக்காந்திருந்தாங்க. நான் அடுப்படிக்குள்ள போனேன். வெல்லப் பானையில கையை விட்டேன். ஒரு கட்டி. அப்புறம் இன்னொரு கட்டி. யாராவது வர்றாங்களான்னு கதவைப் பாத்துக்கிட்டே தின்னேன்.”

சடையப்பன் தலை நிமிரவில்லை.

“வாயைத் தொடச்சுக்கிட்டு வெளிய போனேன். அன்னைக்கு ஆசையைப் பத்திப் பேசினேன். சில பேர் அழுதாங்க. பேசுற நேரம் பூரா வாய் இனிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா அது அடங்கும்வரை இருந்தார்.

“விரதம் எனக்குக் கூழ் வாங்கித் தின்ன காலத்துல வந்தது, சடையப்பா. நெய் வந்த பிறகும் அதே விரதத்தைச் சொன்னேன். ருசியா இருக்குன்னு சொல்ல வெக்கம். விரதம்னு சொல்லிட்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

“என்னையாவது திட்டியிருக்கலாம்மா.”

“திட்டினா நீங்க நிறுத்திருவீங்களே.”

சடையப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

துண்டை எடுக்காமலே பேசினார்.

“எனக்கு எட்டு வயசும்மா. மழையே இல்லாத வருசம். வெள்ளத்தாயின்னு ஒரு தங்கச்சி. அதுக்கு அஞ்சு. பசிக்குதுண்ணேன்னு சொல்லிக்கிட்டே என் பின்னாடி வரும். ஒரு நாள் அது சொல்லல. தூங்குதுன்னு நெனச்சேன்.”

அம்மா அவரைப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் யாருக்குப் பரிமாறினாலும் அந்த மூஞ்சிதான். இலை காலியாகிறதுக்கு முன்னாடி போட்டுருவேன். பசிக்குதான்னு ஒருத்தர்கிட்டயும் நான் கேட்டது கெடையாது. கேக்கப் பயம்.”

“என்கிட்டயும் கேட்டதில்ல.”

“இல்லம்மா.”

அம்மா கையை நீட்டினார். சடையப்பன் அதைத் தொடவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார்.

மடத்தை விட்டுப் போகத்தான் போகிறார் என்று அம்மா நினைத்தார்.

அடுப்பு எரியும் வாசம் வந்தது.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தாளில் மதியத்துக்குச் சாமைக் கஞ்சி ஒரு டம்ளர், கீரை ஒரு கரண்டி என்று இருந்தது. சடையப்பன் அளந்து போட்டுக் காய்ச்சினார். முப்பத்தைந்து வருடம் கண்ணளவில் சமைத்த கை, டம்ளரில் மிஞ்சியதை வழித்துத் திரும்பப் பானையில் போட்டது.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார். கட்டிலருகே நின்றார்.

அம்மா வழக்கம்போலக் கையை நீட்டினார்.

சடையப்பன் கொடுக்கவில்லை. கிண்ணத்தைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

“பசிக்குதாம்மா?”

அம்மா நீட்டிய கையை மடக்கி வயிற்றின் மேல் வைத்தார். கண்ணை மூடினார்.

கஞ்சியில் ஆடை படிந்தது.

“தெரியலையே, சடையப்பா” என்றார் கடைசியில். கண்ணைத் திறந்தபோது அது நிறைந்திருந்தது.

“பசி எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க.”