வந்த இடத்துக்கே போ

சிவசைலம் போட்ட சத்தம் சமையற்கட்டு வரை கேட்டது. அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஊரும் பேரும் மறந்து தெருவில் அலைந்தவர்களை அழைத்துவந்து பார்த்துக்கொள்ளும் இடம் அது. குரு வடிவம்மை, ஒரு காலத்தில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். சீடர் சிவசைலம் அவரைவிட வயதில் மூத்தவர். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக இருந்து, கோபத்தால் முதலில் வேலையையும் பிறகு வீட்டையும் இழந்தவர். கோபத்தை விட்டுவிடத்தான் இங்கே வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து குருவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோபம் எப்பம்மா என்னை விட்டுப் போகும்?"

வடிவம்மை இதுவரை பதில் சொன்னதில்லை.

அன்று காலை ஆசிரமத்தின் ஒரே கம்ப்யூட்டரைச் சிவசைலம் திறந்தபோது திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல். உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம் என்றது. அவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தார். எதுவும் திறக்கவில்லை.

ஆசிரமத்துக்கு வந்த ஒவ்வொருவருடைய புகைப்படமும், அவர்கள் உளறியதும் பாடியதுமான குரல் பதிவும் அதில்தான் இருந்தன. அவற்றை வைத்துத்தான் சொந்தக்காரர்களைத் தேடினார்கள். அன்று மதியம் ராய்ச்சூர் பக்கத்திலிருந்து மல்லப்பா என்பவர் வருவதாக இருந்தது. அவருடைய தாய் இங்கே ஆனி மாதத்தில் இறந்துபோனார். யாரென்று தெரியாமலேயே தகனமும் செய்தாயிற்று. மகனுக்குக் காட்ட மிச்சம் இருந்தது தாயின் படமும் குரலும் மட்டும்தான்.

"மாசி!" என்று கத்தினார் சிவசைலம்.

மாசி ஓடிவந்தான். மாசி மாதத்தில் ஒரு ரயில் நிலையத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். உடம்பு தேறிவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டச்சு செய்வான். தான் யார் என்பது மட்டும் அவனுக்கு வரவில்லை.

"நேத்து நீதானே இதுல உக்காந்திருந்தே? எதைத் திறந்தே?"

"ஒரு மெயில் வந்துச்சுங்கய்யா."

"யாருகிட்டேருந்து?"

"தெரியலைங்கய்யா."

"தெரியாதவன் அனுப்புனதைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொல்லியிருக்கீங்க."

"அப்புறம் ஏன்டா திறந்தே? அறிவிருக்கா உனக்கு? எத்தனை பேரோட வாழ்க்கை இதுல இருந்துச்சு தெரியுமா?"

மாசி வாயைத் திறந்தான். சிவசைலம் அவனைப் பேச விடவில்லை.

"இனிமே இந்த அறைக்குள்ள கால் வைக்காதே. உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலை. போ! வந்த இடத்துக்கே போ!"

மாசி போனான்.

சிவசைலம் அலமாரியைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கம்ப்யூட்டரை இமேஜ் எடுத்து அதில் சேமிப்பார். கோப்புகளை மட்டுமல்ல, கம்ப்யூட்டரை இயக்கும் நிரல்கள் உட்பட உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒரே கட்டாகப் படியெடுத்து வைப்பதற்கு இமேஜ் என்று பெயர். எந்த வைரஸ் வந்தாலும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த இமேஜை மேலே எழுதிவிட்டால், படியெடுத்த நாளில் இருந்தது போலவே கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும்.

வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த டிஸ்க்கைச் செருகக் கூடாது. முதலில் அணைக்க வேண்டும். பிறகு தனியாக வைத்திருக்கும் பென் டிரைவிலிருந்து இயக்க வேண்டும். மாசிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அப்போது அவருக்குக் கண் மண் தெரியவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினார்.

டிஸ்க்கின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. திரையில் இமேஜ்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. பிடுங்கி எறிந்தார். அதற்குள் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது.

மேசையை ஓங்கிக் குத்தினார். பிறகு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் குருவின் அறைக்குப் போனார்.

வடிவம்மை யாருக்கோ மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு டிஸ்க் குடுத்து வச்சிருக்கேனே. அதைக் குடுங்க."

"என்ன ஆச்சு?"

"மாசி கம்ப்யூட்டரை நாசம் பண்ணிட்டான். என்கிட்ட இருந்த பேக்கப்பும் போச்சு."

"அதையும் மாசிதான் நாசம் பண்ணுனானா?"

சிவசைலம் கையை நீட்டினார். "குடுங்கம்மா. மல்லப்பா மதியம் வந்துடுவாரு."

வடிவம்மை பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்தார். கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"ஆடியில."

"இப்ப ஐப்பசி. நடுவுல ஏன் வந்து மாத்தலை?"

"வாராவாரம் எடுக்கறது இருக்கேன்னு விட்டுட்டேன். குடுங்கம்மா!"

"உங்க கை நடுங்குது. இந்தக் கையில இதைத் தர மாட்டேன்."

"அப்ப அந்த ஆளு வந்தா என்ன சொல்றது? ஒருத்தன் புத்தி இல்லாம செஞ்சதுக்கு..."

"மாசி எங்கே?"

"போகச் சொல்லிட்டேன்."

"எங்கே?"

சிவசைலம் தலையைத் திருப்பிக்கொண்டார். "வந்த இடத்துக்கே போன்னேன். கோபத்துல."

வடிவம்மை எழுந்தார். அவர் முகத்தை அப்படி ஒரு கோலத்தில் சிவசைலம் பார்த்ததே இல்லை. டிஸ்க்கை முந்தானையில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். சிவசைலம் பின்னாலேயே போனார்.

மாசி வாசல் கேட்டுக்கு வெளியே சாலையோரமாக நின்றிருந்தான். தோளில் ஒரு துணிப்பை. மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து ஒன்று வந்து நின்று, அவனுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.

வடிவம்மை கேட்டை முழுக்கத் திறந்தார்.

"நீங்கதானே அனுப்புனீங்க," என்றார் சிவசைலத்திடம். "எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க."

சிவசைலம் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சொல்லுங்க. அவன் வந்த இடம் எது?"

மாசி அவர்கள் இருவரையும் பார்த்தான். அவனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. நிஜமாகவே கேட்டான்.

"ஐயா, வடக்கால போகட்டுமா, தெக்காலயா? வந்த பஸ்ல ஏறலாம்னு பாத்தேன். ஆனா போர்டுல போட்டிருந்த ஊரு எதுவும் எனக்குத் தெரிஞ்சதா படலை."

 சிவசைலத்துக்கு இன்னும் கோபம் இறங்கவில்லை. "அவன் செஞ்சது தப்பு இல்லைங்கிறீங்களா?" என்றார் குருவிடம்.

"தப்புதான்."

"பின்னே?"

"ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டு, அவனைப் பதில் சொல்ல விட்டீங்களா?"

சிவசைலம் யோசித்தார். மாசியின் பக்கம் திரும்பினார். "ஏன் திறந்தே?"

"அந்த மெயில்ல 'இந்தப் படத்துல இருக்கறது நீங்களா?'ன்னு கேட்டிருந்துச்சுங்கய்யா."

மாசி முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான்.

"திறந்தேன். ஒரு வட்டம் சுத்திச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். படம் வரலை." மாசி ஓரடி முன்னால் வந்தான். "நீங்க காலையில பாத்தீங்களே ஐயா. உங்களுக்குப் படம் வந்துச்சா? அது நானா?"

"படமே கிடையாது மாசி."

"இல்லைங்கய்யா, கேட்டிருந்தாங்களே. நான் தேடிட்டிருக்கறது யாருக்கோ தெரிஞ்சிருக்கே."

"யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் இதையே அனுப்புவானுங்க. பொய்யி. பச்சைப் பொய்யி." சிவசைலத்தின் குரல் மறுபடியும் உயர்ந்தது. "எவனோ எங்கேயோ உக்காந்துட்டு... பாவிப்பய. கையில கிடைச்சான்னா கழுத்தை நெறிச்சுடுவேன்."

"அவன் முகம் தெரியுமா உங்களுக்கு?" என்றார் வடிவம்மை.

"தெரியாது."

"முகம் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் கிடைச்சானா?"

சிவசைலம் மாசியின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வடிவம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து டிஸ்க்கை அவர் கையில் வைத்தார். கையில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அதைக் கவனித்தும் வடிவம்மை டிஸ்க்கைத் திரும்ப வாங்கவில்லை.

சிவசைலம் மாசியையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பினார். இம்முறை அவசரப்படவில்லை. இணைய வயரைக் கழற்றினார். பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கினார். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்து அழித்தார். அதற்குப் பிறகுதான் குரு கொடுத்த டிஸ்க்கை இணைத்தார். இமேஜை எழுதட்டுமா என்று திரை கேட்டது. அந்த இமேஜ் எடுத்த பின் சேர்ந்த எதுவும் திரும்ப வராது என்றும் எச்சரித்தது.

"ஆடிக்கு அப்புறம் வந்தவங்க யார் யாரு?" என்று மாசியிடம் கேட்டார்.

மாசி சொன்னான். கடைசியாக ஒரு பெரியவரைச் சொன்னான். அவர் வந்த அன்று மட்டும் ஒரு ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மறுநாளிலிருந்து வாய் திறக்கவே இல்லை. என்ன ஊர் என்று யாருக்கும் விளங்காததால் மாசி அதைப் பதிவு செய்து வைத்திருந்தான்.

"அது போயிடுமாங்கய்யா?"

"போயிடுச்சு."

மாசி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சிவசைலத்துக்கு உள்ளே ஏதோ கொதித்து மேலே வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே மல்லப்பா வந்துவிட்டார். கோயம்புத்தூரில் கட்டட வேலை பார்த்தவர், தமிழ் பேசினார். அவரும் கோபமாகத்தான் வந்தார்.

"எங்கம்மா இங்கே செத்திருக்கா. நாலு மாசம் கழிச்சு போலீஸ் சொல்லி எனக்குத் தெரியுது. நீங்கல்லாம் என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

"அவங்க பேரை அவங்களால சொல்ல முடியலைங்க," என்றார் சிவசைலம்.

"நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க. யாரு கேட்டா? எவன் கேட்டான்?"

மாசி முன்னால் வரப் பார்த்தான். சிவசைலம் அவனைத் தடுத்துத் தானே நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். மல்லப்பா களைத்துப்போய் உட்காரும் வரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வடிவம்மை சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் எழுந்தது. படங்கள், குரல்கள், எல்லாம் ஆடி மாதத்தில் இருந்தபடியே இருந்தன. மாசி அந்தத் தாயின் படத்தைத் திறந்தான். மல்லப்பா திரையை விரலால் தொட்டார். பிறகு மாசி குரலை ஓட விட்டான்.

இருமல் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். அதற்குப் பின் ஒரு வயதான பெண் யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"மல்லூ... ஊட்டக்கே பாரோ... மல்லூ..."

சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பது கன்னடம் தெரியாதவர்களுக்கும் விளங்கியது. மல்லப்பா அந்தத் திரைக்குப் பதில் குரல் கொடுத்தார். பிறகு அழுதார். நெடுநேரம் கழித்து, "இதைப் பிடிச்சு வச்சது யாரு?" என்று கேட்டார்.

சிவசைலம் மாசியைக் காட்டினார்.

"தினம் பக்கத்துல உக்காந்திருப்பேங்க," என்றான் மாசி. "நான்தான் மல்லுன்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் ஒருவேளை நானா இருக்குமோன்னு நினைச்சேன். இல்லை. நீங்கதான்."

மல்லப்பா அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, வடிவம்மை கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். சிவசைலம் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"காலையில நான் சொன்ன வார்த்தை காதுலயே இருக்கும்மா. அந்தப் பெரியவரோட ஊரு போனதை நினைச்சா அவன்மேல மறுபடியும் கோபம் வருது. வந்தவுடனே என்மேலயும் வருது."

வடிவம்மை கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் இழுத்தார்.

"கம்ப்யூட்டர் குடுத்து வச்சதும்மா. எல்லாத்தையும் துடைச்சு அழிச்சாச்சு. நடுவுல நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. மனசையும் அப்படி அழிச்சுட முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!"

வடிவம்மை வாளியை நங்கென்று கீழே வைத்தார்.

"மாசிக்கு அப்படித்தான் அழிஞ்சிருக்கு," என்றார். "நல்லா இருக்குதான்னு அவன்கிட்டயே போய்க் கேளுங்க."