வடலிக்குறிச்சியில் டிரம் செட்டுக்கு மைக் வைத்த கதை

வடலிக்குறிச்சிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

அந்த ஊர் ஜெயசிங் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஊர்க் கோயிலுக்கு ஒரு டிரம் செட் வாங்கி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை அந்த டிரம்மோடு பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் தனக்கு அனுப்ப வேண்டும். டிரம் சுத்தமாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் செட்டைப் பக்கத்து ஊர் தேரிவிளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார். தேரிவிளை அவர் மனைவி பிறந்த ஊர். அதனால் இது வெறும் மிரட்டல் இல்லை என்று கல்யாணமான எல்லாருக்கும் உடனே புரிந்தது.

ரொம்பப் பதறியவன் குணசீலன். அதுவரை கோயிலில் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தவன் அவன். டிரம் செட் வந்த பிறகு அந்த டின்னை வீட்டில் அரிசி அளக்கக் கொடுத்துவிட்டான். இனி அதைத் திருப்பிக் கேட்டால் அவன் மனைவி கொடுக்கமாட்டாள்.

பதிவு வேலையைப் பாட்டுக் குழுத் தலைவர் ஆசீர்வாதம் ஏற்றுக்கொண்டார். துணைக்கு வேதக்கண், தவசிமுத்து. மூன்று பேரும் எதையும் கலந்து பேசாமல் செய்யமாட்டார்கள். பேசி முடித்துச் செய்யும்போதுதான் சிக்கல்.

நாகர்கோவிலில் ஒலிப்பதிவு செய்கிற ராபர்ட் ஒரு பை நிறைய மைக்குகளைக் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் விளக்கம் சொன்னான். முன்னால் இருக்கிற சின்ன டிரம்தான் பெரிய சத்தம் போடும், அதற்கு நன்றாக அடி தாங்குகிற மைக்காகப் பார்த்து வையுங்கள் என்றான்.

பார்த்தால் எப்படித் தெரியும்? ஆசீர்வாதம் மைக்குகளை வரிசையாகப் பெஞ்சில் வைத்தார். குணசீலன் டிரம் குச்சியால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனான். ஒன்றின் தலை கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது. ஒன்று நசுங்கியது. ஒன்று அடிக்கு முன்பே பிளந்துகொண்டது. அதைக் கோழை என்று தவசிமுத்து தள்ளி வைத்தார். கடைசியில் ஒரே ஒரு மைக் நெளியாமல் கிடந்தது.

“இதுதான் மைக்கு” என்றார் ஆசீர்வாதம். “மத்ததை நம்பி இறங்கியிருந்தா பாதிப் பாட்டுல நம்மளக் கவுத்திருக்கும்.”

டிரம்மின் தோலுக்கும் மைக்குக்கும் நடுவில் ரெண்டு விரல் இருக்கட்டும் என்றும் ராபர்ட் சொல்லியிருந்தான். யார் விரல் என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. ஆசீர்வாதத்தின் விரல் தடிமன், வேதக்கண் விரலில் மோதிரம். ஆகவே தவசிமுத்துவின் விரல்கள் வைக்கப்பட்டன. குணசீலன் வாசித்தான். பதிவைப் போட்டுக் கேட்டபோது டிரம்மைவிடத் தவசிமுத்துவின் அலறல்தான் தெளிவாகக் கேட்டது. ஆனால் தாளம் தப்பவில்லை.

விரலில் கட்டோடு தவசிமுத்து ஒரு பக்கம் உட்கார, ஆசீர்வாதம் மறுபடி போன் போட்டார். ஒரு மைக்தான் மிச்சம் என்று கேட்டதும் மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்று ராபர்ட் ரெண்டு தடவை கேட்டான். பிறகு, சரி, ஒன்றை வைத்தே சமாளிக்கலாம் என்றான். டிரம் அடிக்கிறவன் வாசிக்கட்டும். நீங்கள் ஒரு காதை மூடிக்கொண்டு சுற்றி நடந்து பாருங்கள். எந்த இடத்தில் காதுக்கு இனிமையாக இருக்கிறதோ, அங்கே மைக்கை வையுங்கள் என்றும் சொன்னான்.

வலது காதா, இடது காதா என்று அடுத்த வாதம். தவசிமுத்துதான் தீர்த்து வைத்தார். “வேதக்கண் அண்ணாச்சிக்கு ஒரு காது பொறந்ததுலேருந்தே கேக்காது. கர்த்தரே மூடி வச்சிருக்காரு. நாம என்னத்துக்கு விரலை வச்சிக்கிட்டு?”

விரல் என்றதும் எல்லாரும் கையை மடக்கிக்கொண்டார்கள்.

குணசீலன் அடிக்கத் தொடங்கினான். வேதக்கண் டிரம் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்தார். வாசலுக்குப் போனார், பரவாயில்லை என்றார். ரேஷன் கடை முன்னால் நின்று, இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார். குளத்தங்கரையில் அவர் முகம் தெளிந்தது. பனங்காட்டைத் தாண்டும்போது மரங்கொத்தி கொத்துகிற மாதிரி மெல்லக் கேட்டது. தலையாட்டிக்கொண்டே நடந்தார். மற்ற இரண்டு பேரும் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். கடைசியில் தேரிவிளைக் கோயில் படியில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“இங்கதான்” என்றார். “இந்தப் பய இவ்வளவு இனிமையா அடிப்பான்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

மற்றவர்களும் ஒரு காதை மூடிக் கேட்டார்கள். உண்மைதான். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ரெண்டு விரல் விஷயத்தை ராபர்ட் ரத்து செய்யவில்லையே. மைக் தேரிவிளையில் என்றால் டிரம்மும் தேரிவிளைக்கு வந்தாக வேண்டும். குட்டியானை வண்டி பேசி, செட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தேரிவிளைக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கி, காப்பியும் கொடுத்தார்கள்.

குணசீலன் அடித்தான். வேதக்கண் காதைப் பொத்தினார்.

“அதே சத்தம்வே. வண்டியிலயே கூட வந்துட்டு.”

குணசீலனை அங்கேயே அடிக்க விட்டுவிட்டு, மறுபடி நல்ல இடம் தேடிக் கிளம்பினார்கள். பனங்காடு, குளத்தங்கரை, ரேஷன் கடை என்று வந்து, வடலிக்குறிச்சிக் கோயிலுக்குள் நுழைந்ததும் வேதக்கண் நின்றுவிட்டார். இதுதான் இடம். ஊரெல்லாம் சுற்றினாலும் நம்ம கோயில் மாதிரி வராது என்றார்.

டிரம்மைத் திரும்ப எடுத்து வரலாமா என்றார் ஆசீர்வாதம். எடுத்து வந்தால் சத்தமும் வந்துவிடும் என்றார் தவசிமுத்து. ஆசீர்வாதம் மைக்கின் முன்னால் தன் ரெண்டு விரலை நீட்டினார்.

“ரெண்டு விரல் இருக்கு. மிச்ச தூரத்தைப் பத்தி ராபர்ட் ஒண்ணும் சொல்லலை.”

டிரம் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்பதால் பாட்டுக் குழுவை வாய் திறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். பதிவு முடிந்தது. ஞாயிறுக்கு முன்பே மஸ்கட்டுக்குப் போய்விட்டது.

ஜெயசிங் உடனே கூப்பிட்டார். “அண்ணாச்சி, ஒண்ணுமே கேக்கலையே.”

“அங்கயுமா?” என்றார் ஆசீர்வாதம். “மஸ்கட் வரைக்கும் அப்படி ஒரு சுத்தம். எல்லாம் வேதக்கண் காதுதான் தம்பி.”

“டிரம் செட்டு எங்க?”

“தேரிவிளையில.”

மஸ்கட்டில் பெருமூச்சு விடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“நீ கவலைப்படாத” என்றார் ஆசீர்வாதம். “நாங்களே கொண்டு வச்சிட்டோம். இனிமே எவனாலயும் அதைத் தேரிவிளைக்கு அனுப்ப முடியாது.”

இப்போதும் ஞாயிறுதோறும் குணசீலன் சைக்கிளில் தேரிவிளைக்குப் போய் வடலிக்குறிச்சிக் கோயிலுக்காக டிரம் வாசிக்கிறான். இங்கே பாட்டுக் குழு புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, டிரம் கேட்க வேண்டுமே என்று வாய் மூடி நிற்கிறது. ஒரு ஈ பறந்தாலும் கேட்கும்.

போன வாரம் பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு, வேதக்கண் ஆசீர்வாதத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

“கடைசிச் சரணத்துல பய ஒரு அடியை விட்டுட்டான்.”