கிணற்றுக்குச் சாட்சி

நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊர் அது. மில் முதலாளியின் பணத்தில் ஜெயித்தவர் நீதிபதி கேசவமூர்த்தி. செங்கல் சுமக்கும் பேச்சாயி, அந்த முதலாளி வேலி போட்டு வளைத்துக்கொண்ட தன் கிணற்றை மீட்க, நீதிபதியிடம் வழக்குப் போட்டாள்.

"கிணறு உன்னுதுன்னு நான் நம்புற மாதிரி ஒரு சாட்சியைக் கொண்டா. இல்லேன்னா தள்ளுபடி," என்றார் நீதிபதி. முதலாளியை எதிர்த்து எவன் வருவான் என்ற திமிர்.

"சாட்சி நீங்கதாங்க. ஓட்டுக் கேட்டு வந்தப்ப, எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, 'பேச்சாயி, உன் கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கு'ன்னு மைக்குல சொன்னீங்க."

"ஓட்டுக்காக ஆயிரம் பேசுவோம்," என்று சீறினார்.

"சாட்சியே தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்க. மேல்கோர்ட்டுக்கு அனுப்புங்க. அங்க கூண்டுல ஏறி, ஓட்டுக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. அடுத்த மாசம் தேர்தல். மறுபடியும் ஓட்டும் தண்ணியும் கேட்டு எங்க வாசலுக்குத்தான் வரணும்."