முள்ளு மேல உக்காந்த செவலை

செம்மணல் மேடு மேடாக் கெடக்குற தேரிக்காட்டு ஓரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல ஒரு செவலைக்கோழி இருந்துச்சாம். போர்வைய இழுத்துக்கோ. நீ ம் கொட்டணும், சரியா? உன் ம் நின்னா என் கதையும் நின்னுரும்.

அந்தச் செவலைய வளத்தவ பேரு வெயிலாச்சி. அவ புருசன் லிங்கத்துரை, பனையேறி. விடியுமுன்ன சர்ரு சர்ருன்னு மரத்துல ஏறி பதனி எறக்கிட்டு வருவாரு. அவ அதக் காய்ச்சி கருப்பட்டி ஊத்துவா. வீட்டுக்குப் பின்னால வேலி போட்ட கொல்லை. அதுல கெக்கெக்கேன்னு மேயுற ஒரு கூட்டம் கோழி, கொக்கரக்கோன்னு கூவ ஒரு சேவல். குறைச்சல் ஒண்ணும் இல்லாத வீடு.

அப்புறம் என்னாச்சு, ஒரு கோடையில கோழிச்சீக்கு வந்துச்சு. காலையில நல்லா மேஞ்ச கோழி சாயங்காலம் தலையத் தொங்கப்போட்டு நிக்கும். வெள்ளை வெள்ளையாக் கழியும். மறுநா பார்த்தா பொத்துனு சாஞ்சு கெடக்கும். வெயிலாச்சி கூடையில அள்ளிட்டுப் போய்த் தேரி மணல்ல புதைச்சா. சேவலையும் புதைச்சா. அந்த ஊர்ல எந்த வீட்டுலயும் கோழிச் சத்தமே இல்லாமப் போச்சு. மிஞ்சுனது இந்தச் செவலை மட்டும்தான்.

ம்?

சரி. அந்தத் துக்கம் ஆறல, அதுக்குள்ள அடுத்த இடி. பாளை சீவிக்கிட்டு இருந்த லிங்கத்துரை மரத்துலேருந்து விழுந்துட்டாரு. சரசரசரன்னு ஒரு சத்தம், தொப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான். தொடை எலும்பு முறிஞ்சு போச்சு.

பக்கத்து ஊருலேருந்து எலும்பு கட்டுற வைத்தியர் வந்தாரு. காலுக்கு ரெண்டு பக்கமும் மூங்கில் பத்தை வச்சாரு. உளுந்து மாவுல நாட்டுக்கோழி முட்டையோட வெள்ளைக்கருவ ஊத்திக் குழைச்சுத் துணியில தடவி, இறுக்கிக் கட்டுனாரு.

"தாயி, இது காஞ்சா கல்லாட்டம் பிடிக்கும். வாராவாரம் அவுத்துட்டுப் புதுசாக் கட்டணும். முட்டை இருந்தாத்தான் கட்டு நிக்கும். கட்டு நின்னாத்தான் எலும்பு நேராக் கூடும்."

"நேராக் கூடுனா மரம் ஏறுவாகளா, அய்யா?"

"ஏறுவான். கோணிக்கிட்டுக் கூடுச்சுன்னா கம்பு ஊணித்தான் நடப்பான்."

கடையில முட்டை விக்குற காலம் இல்ல அது. ஊர்லயும் கோழி இல்ல. செவலை போடுற முட்டைதான் கதின்னு ஆச்சு. அதுவும் பாவம், குறை வைக்காமப் போட்டுச்சு. வெயிலாச்சி ஒவ்வொண்ணா எடுத்து உமிப்பானைக்குள்ள சேத்து வச்சா. ரெண்டு கட்டு அப்படி ஓடிச்சு.

அப்புறம் ஒருநா முட்டை எடுக்கப் போயி கூட்டுக்குள்ள கைய விட்டா. கொர்ர்ர்ர்! டக்குனு ஒரு கொத்து! இறகெல்லாம் சிலுப்பிக்கிட்டு, தட்டு மாதிரி பரந்து உக்காந்திருக்கு செவலை. அடியில தடவிப் பார்த்தா ஒண்ணும் இல்ல. வெறும் வைக்கோல்.

செவலைக்கு அடை விழுந்துருச்சு. அடையில உக்காந்த கோழி முட்டை போடாது பாத்துக்க. இரை எடுக்காது, தண்ணி குடிக்காது. குஞ்சு வேணும்னு ஒரே நெனப்பா உக்காந்திருக்கும். அடியில முட்டை இருக்கா இல்லையான்னுகூட அதுக்குத் தோணாது.

வெயிலாச்சி கொத்துப்பட்ட கைய உதறிக்கிட்டு பக்கத்து வீட்டு அன்னக்கிளிகிட்ட ஓடுனா.

"மதினி, செவலை அடைக்கு உக்காந்துருச்சே! நான் என்ன செய்வேன்?"

"உடம்புச் சூட்டுலதான் உக்காருது. தண்ணியில முக்கி விடு. தெளிஞ்சுரும்."

வெயிலாச்சி தொட்டித் தண்ணியில செவலைய முக்குனா. ப்ளக்! எடுத்தா. மறுபடி முக்குனா. ப்ளக்! செவலை நனைஞ்ச துணி மாதிரி நடுங்கிக்கிட்டு வெயில்ல நின்னுச்சு. அப்பாடான்னு அவ உளுந்து ஆட்டப் போனா. திரும்பி வந்து கூட்டப் பார்த்தா... கொர்ர்ர்ர்!

மறுநா அன்னக்கிளி இன்னொரு வழி சொன்னா. "அதோட இறகையே ஒண்ணப் பிடுங்கி மூக்குல குறுக்க சொருகிவிடு. அதைத் தட்டி விடுற கவலையில அடைய மறந்துரும்." வெயிலாச்சி கண்ண மூடிக்கிட்டு அதையும் செஞ்சா. அப்போ செவலை தும்முச்சு, க்ஷிக் க்ஷிக்குனு. தலைய உதறுச்சு. காலால மூக்கப் பிறாண்டிக்கிட்டுக் கொல்லை பூரா சுத்திச் சுத்தி வந்துச்சு. அந்த அலைச்சல்லயும் பொழுது சாய நேராப் போயி கூட்டுல உக்காந்துக்கிச்சு. கொர்ர்ர்ர்!

"ஏட்டி வெயிலு, விட்டுரு," லிங்கத்துரை கட்டில்லேருந்து சொன்னாரு. "வாயில்லாத சீவன்."

"விடவா? நாளைக்குக் கட்டு அவுக்கணும். பானையில வெறும் உமிதான் கெடக்கு. உங்க கால் போச்சுன்னா நாம எதைத் தின்ன?"



மூணாவதா அவ யாரையும் கேக்கல. தானே வேலியில போயி கருவேலமுள்ள ஒடிச்சா. கூட்டுல இருந்த வைக்கோல வழிச்சு எறிஞ்சுட்டு முள்ளப் பரப்பி வச்சா. "இப்ப உக்காரு பாப்போம்"னா.

செவலை முள்ளப் பார்த்துச்சு. ஒரு சுத்து சுத்திப் பார்த்துச்சு. அலகால ஒரு முள்ள நகட்டப் பார்த்துச்சு, அது நகரல. அப்புறம் தன் நெஞ்சு இறக தானே பிச்சுப் பிச்சு முள்ளு மேல போட்டுச்சு. போட்டுட்டு, மெல்ல... மெல்ல... உக்காந்துருச்சு.

ம் சத்தம் காணோமே? ஆங். இருக்கியா.

வெயிலாச்சி தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "அங்க ஒருத்தர் எலும்பு கூடணும்னு கெடக்காரு. நீ ஒண்ணுமில்லாததுக்கு அடை காக்குற. உக்காரு. உக்காந்தே சாவு!" அப்படின்னு கத்திட்டு, ஓலைப்பெட்டிய எடுத்துக்கிட்டு தேரியில நடந்தா. தேரிக்கு அந்தப்பக்கத்து ஊர்ல சீக்கு வரலையாம், ஒரு வீட்டுல சேவலும் பெட்டையுமா தப்பிக் கெடக்குதாம்னு காத்துல வந்த பேச்சு. செம்மண்ணு கால சுட்டுச்சு. கால் புதையப் புதைய நடந்து போனா. அந்த வீட்டு ஆத்தா அவ முகத்தப் பார்த்தா. கால் கொப்புளத்தையும் பார்த்தா. எதுவும் கேக்காம மூணு முட்டைய எடுத்து பெட்டியில வச்சா. "இவ்வளவுதான் தாயி இருக்கு."

மூணு முட்டை! ஒரு கட்டுக்குப் போதும். பெட்டியக் கைக்கொழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெயிலாச்சி வீடு வந்து சேந்தா. பெட்டியப் புருசன் தலைமாட்டுல வச்சா.

"கிடைச்சுருச்சுங்க. நான் போயி வைத்தியரக் கையோட கூட்டிட்டு வந்துருதேன். அசையாமப் படுத்திருங்க."

"ம்"ன்னாரு.

அவ போயிட்டா. வீட்டுல ஒரு அரவம் இல்ல. கொல்லைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் மட்டும் வருது. கொர்ர்ர்... கொர்ர்ர்... காலையில கேட்ட மாதிரி இல்ல. இழுத்து இழுத்து, கம்மிப் போயி வருது.

வெயிலாச்சி வைத்தியரோட திரும்பி வந்து பார்த்தா, கட்டில்ல ஆளக் காணோம். "என்னங்க! என்னங்க!" தரையில ஏதோ இழுத்துட்டுப் போன தடம். அது வாசப்படி தாண்டி, கொல்லைக்குப் போகுது. ஓடுனா. கூட்டுக்கு முன்னால மண்ணுல கெடக்காரு லிங்கத்துரை. முகமெல்லாம் வேர்வை. விரலெல்லாம் முள்ளுக் கீறி ரத்தம். பக்கத்துல பிடுங்கிப் போட்ட முள்ளு. காலியாக் கெடக்குற ஓலைப்பெட்டி.

"முட்டை எங்க?"

அவரு கூட்டப் பார்த்தாரு.

"அய்யய்யோ! பாவி மனுசா! என்ன காரியம் பண்ணுனீக!"

"அதோட நெஞ்செல்லாம் ரத்தம், வெயிலு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால படுத்திருக்க முடியல."

வைத்தியர் குனிஞ்சு தொடைய அமுக்கிப் பார்த்தாரு. நிமிர்ந்தவரு தலைய ஆட்டுனாரு. "கூடிக்கிட்டு இருந்த எலும்பு விலகிருச்சு தாயி. இழுத்து வச்சுக் கட்டுவேன். ஆனா இனி நேராக் கூடாது."

"முட்டைய எடுத்துத் தந்தா?"

"பத்து முட்டை தந்தாலும் கூடாது."

அவ அப்பவும் கூட்டுக்குள்ள கைய விட்டா. இந்தத் தடவ செவலை கொத்தல. கொத்துறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. அடியில மூணும் கதகதன்னு இருந்துச்சு. அந்தச் சூட்டுலயே கைய வச்சுக்கிட்டுக் கொஞ்சநேரம் இருந்தா. அப்புறம் வெறுங்கைய வெளிய எடுத்தா.

அதுக்கப்புறம் வெயிலாச்சி புருசன்கிட்டப் பேசல. கஞ்சி ஊத்தினா, கட்டு நனையாமத் துடைச்சுவிட்டா, பேச மட்டும் இல்ல. கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. ஊர்க்காரங்க பனங்காட்டுக்குப் போற சத்தம் கேட்டா, உள்ள போயி சுவரப் பார்த்து உக்காந்துக்குவா. காய்ச்சுற பானை கவுந்தே கெடந்துச்சு.

அப்புறம் குஞ்சு பொரிக்கிற காலம் வந்துச்சு. ஒரு முட்டை டப்புனு வெடிச்சு நாறுன பிறகுதான் வெயிலாச்சி கொல்லைக்குள்ள கால வச்சா. கூமுட்டை. அடுத்த முட்டையில ஓட்டை விழுந்துச்சு, சின்ன மூக்கு தெரிஞ்சுச்சு, தெரிஞ்சபடியே ஓஞ்சு போச்சு. மூணாவது முட்டை சும்மா கெடந்துச்சு. இதுவும் போச்சுன்னு அத எடுத்து எறியத்தான் வெயிலாச்சி போனா. கையில எடுத்தா... டிக்.

காதுல வச்சா. டிக்... டிக். அப்புறம் ரொம்ப மெல்ல, கீச்.

 பொத்துனாப்புல திரும்பக் கொண்டுபோயி செவலைக்கு அடியில வச்சுட்டு, அங்கேயே மண்ணுல உக்காந்தா. வெயில் சாயுற வரைக்கும் எழும்பல. ஓடு விண்டு, ஈரமா ஒண்ணு வெளிய விழுந்துச்சு. காஞ்சதும் மஞ்சளா, உருண்டையா, கீச் கீச் கீச்!

அவ அத ரெண்டு கையிலயும் பொத்தி எடுத்துட்டுப் போயி, அவரு நெஞ்சு மேல விட்டா.

"இதுக்குத்தான் காலக் கொடுத்தீகளா?"

அவரு கண்ணோரத்துல தண்ணி வழிஞ்சு காதுப் பக்கம் போச்சு. அவ முந்தானையால துடைச்சா.

என்ன? கால் சரியாச்சான்னா கேக்குற?

இல்லடா தங்கம். சரியாகல. அவரு அப்புறம் ஒருநாளும் மரம் ஏறல. கம்பு ஊணித்தான் நடந்தாரு. வெயிலாச்சி ஓலைப்பாய் முடைஞ்சுதான் ரெண்டு வயித்தையும் கழுவுனா. குஞ்சு பெருசாகிப் பிரிஞ்சதும் செவலை மறுபடி முட்டை போட ஆரம்பிச்சுச்சு பாரு, நாளுக்கொண்ணு, நாளுக்கொண்ணு. ஒவ்வொண்ணையும் கையில எடுக்கும்போது வெயிலாச்சி ஒரு நிமிசம் அப்படியே நின்னுருவா. அப்புறம் உமிப்பானையில வச்சு மூடுவா.

ம்?

ம் வரல. செவலையும் கூட்டுல அடைஞ்சுருச்சு, குஞ்சும் அடைஞ்சுருச்சு. என் வாயில இனி கதை இல்ல. தூங்கு தங்கம், தூங்கு.