மண்ணுக்குப் போன செண்டுமல்லி

"அம்மா, அறுபத்திரண்டு வயசாகுது. நான் செஞ்சதுன்னு எடுத்துக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்லை."

மாசிலாமணி இதைச் சொன்னபோது அபயாம்பாள் வாடிப்போன கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர். மற்றவர்கள் எழுதியதில் தப்புத் தேடிச் சிவப்பு மையால் சுழித்தே காலம் போயிற்று. எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. மனைவி இறந்த பிறகு இந்தத் தருமச்சாலைக்கு வந்து சேர்ந்தார்.

அபயாம்பாள்தான் அங்கே குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மாசிலாமணி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். குரு இவரை ஐயா என்பார்.

பிடுங்கிய செடியை நீட்டினார் குரு.

"என்ன தெரியுது ஐயா?"

வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

"தப்பு தெரியுது."

குரு சிரித்தார். மடியிலிருந்து ஒரு விதைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"செண்டுமல்லி. தோட்டம் முழுக்கப் போடுங்க. நெருக்கமா."

"காய்கறித் தோட்டத்துலயா?"

குரு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எதிரே பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் தினமும் மத்தியானம் தருமச்சாலை வாசலில் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு இந்த அரை ஏக்கர் தோட்டம்தான் குழம்பும் கூட்டும் போட்டது. இரண்டு வருஷமாகத் தோட்டம் பொய்த்துவிட்டது. வெயில் ஏறியதும் தக்காளியும் கத்தரியும் தலையைத் தொங்கப்போட்டன. மண்ணிலிருந்த புழு வேரில் முடிச்சுப் போட்டுச் செடியைச் சாப்பிட்டது. மோர்சாதமும் ஊறுகாயும்தான் மிச்சம்.

நிலம் தர்மலிங்கத்துடையது. சும்மா கொடுத்திருந்தார். ஆனி மாதம் ஒருநாள் வந்து நாற்றுகளைப் பார்த்தார்.

"செண்டுமல்லியில சாம்பார் வைக்கப்போறீங்களாம்மா?"

குரு குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார்.

"தை வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே கிடந்தா லாரி நிறுத்த எனக்கு இடம் வேணும்."

மாசிலாமணி அன்றிலிருந்து தோட்டத்திலேயே கிடந்தார். தண்ணீர் விட்டார். களை எடுத்தார். நுனி கிள்ளினார்.

ஆவணியில் பூத்தது.

அரை ஏக்கரும் மஞ்சள், ஆரஞ்சு. ஒவ்வொரு பூவும் ஒரு கைப்பிடி. பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நர்ஸுகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யார் வளர்த்தது, யார் வளர்த்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

மாசிலாமணி ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி வேலியில் மாட்டினார்.

வளர்த்தவர்: சி. மாசிலாமணி.

ஒரு பிழையும் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பூ கேட்டார்கள். கோயிலில் கேட்டார்கள். எல்லோருக்கும் சரி என்றார்.

மறுநாள் காலை குரு இரண்டு மண்வெட்டியோடு வந்தார்.

"மடக்கிடுங்க ஐயா."

"எதைம்மா?"

"எல்லாத்தையும். பூவோட, வேரோட, மண்ணுக்குள்ள."

மாசிலாமணி செடிகளுக்கு முன்னால் போய் நின்றார். "ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? ஊரே கேட்டிருக்கு."

"மழை பொறுக்குமா? அதுக்குள்ள மண்ணுல போட்டாத்தான் மக்கும்."

"அம்மா, என் ஆயுசுல உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்!"

குரு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். முதல் செடியை வெட்டிச் சாய்த்தார். பூக்களை மண்ணில் தள்ளி, குதிகாலால் மிதித்தார். இரண்டாவது செடிக்குப் போனார்.

மாசிலாமணி அறைக்குப் போனார். இரண்டு வேட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ் பிடித்து எங்காவது போய்விட வேண்டும்.

வாசலில் வரிசை நின்றிருந்தது. தூக்குவாளியோடு ஒரு பெண். மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்கு என்ன காய்ங்கய்யா?"

"காய் இல்லம்மா. மோர்சாதம்தான்."

"பரவால்லய்யா. வீட்டுக்காரருக்குத்தான் காய் குடுக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. ராத்திரிக்குள்ள வேற எங்கயாச்சும் பாத்துக்கறேன்."

பஸ் வந்தது. நின்றது. போயிற்று.

மாசிலாமணி பையை வேலி ஓரம் வைத்துவிட்டு உள்ளே போனார். இன்னொரு மண்வெட்டி சாய்த்து வைத்தபடியே இருந்தது.

மூன்று நாள் வெட்டினார்கள். கை கொப்புளித்தது. வேட்டியெல்லாம் மஞ்சள். மாசிலாமணி அழுதுகொண்டேதான் முதல் நாள் வெட்டினார். இரண்டாம் நாள் அழுகை வரவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பலகையில் இருந்த எழுத்து கரைந்து வழிந்தது. அவர் கடைசிப் பாத்தியில் இருந்தார். பார்க்கவில்லை.

ஆயுத பூஜை அன்று ஊர் திட்டியது. "பெரிய மனுஷன் பேச்சா இது?" என்றார்கள் ஆட்டோ ஸ்டாண்டில். மாசிலாமணி கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி பாதியில் தக்காளி நாற்றும் கத்தரி நாற்றும் நட்டார்கள்.

மார்கழியில் மழை விட்டு வெயில் அடித்தது. போன வருஷம் இந்த வெயிலுக்குத்தான் செடிகள் துவண்டன. மாசிலாமணி உச்சி வெயிலில் வரப்பில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் பார்த்தார். பத்தாம் நாளும் பார்த்தார்.

ஓர் இலைகூடத் தொங்கவில்லை.

முதல் பறிப்பு ஒரு கூடை. அடுத்த வாரம் கூடைகள் போதவில்லை. துண்டை விரித்து அள்ளினார். அதுவும் போதாமல் சமையல்கட்டிலிருந்து அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

தை இரண்டாம் தேதி தர்மலிங்கம் அளவு நாடாவோடு வந்தார். கூடவே ஒரு லாரிக்காரர். தோட்டத்து வாசலிலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

தர்மலிங்கம் நம்பவில்லை. குனிந்து ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கினார். உதறினார்.

வேர் சேமியா மாதிரி வெள்ளையாக, நீளமாகத் தொங்கியது. ஒரு முடிச்சு இல்லை.

"என்ன மருந்துய்யா அடிச்சீங்க?"

மாசிலாமணி காலால் மண்ணைத் தட்டினார்.

"செண்டுமல்லி. அத்தனையும் இங்கதான் இருக்கு."

தர்மலிங்கம் மண்ணைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். நாடாவை மெல்லச் சுருட்டினார்.

"வண்டிக்கு வேற இடம் பாப்போம்ப்பா" என்றார் லாரிக்காரரிடம். பிறகு குருவிடம் திரும்பினார். "ஒரு இலை போடுங்கம்மா. பசிக்குது."

அன்று நூற்றைம்பது பேர் உட்கார்ந்தார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய், தக்காளி ரசம், கூட்டு. மாசிலாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "சூடா இருக்கு, சூடா இருக்கு! ஒதுங்கு, ஒதுங்கு!" என்று அவர் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டது.

பந்தியின் நடுவில் ஒருவர் இலையிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"இவ்வளவு ருசியா இருக்கே! யாருங்கய்யா இந்தக் காயெல்லாம் விளைவிச்சது?"

கடைசி இலையில் உட்கார்ந்திருந்த குரு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

மாசிலாமணி கரண்டியை வாளிக்குள் ஆழமாக விட்டார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"